தேவசாயல்: உள்ளே இருக்கும் திறமையா, தரப்பட்ட பதவியா?

மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் என்ற பேச்சு பிரசங்கங்களில் அடிக்கடி வரும். வேதாகமத்தில் அது அத்தனை அடிக்கடி வருவதில்லை. எபிரேய வேதாகமம் முழுவதையும் புரட்டினாலும் மூன்றே இடங்கள்தான்: ஆதியாகமம் 1:26-27, 5:1-3, 9:6. ஆபிரகாம் மேடைக்கு வருவதற்கு முன்பே பேச்சு முடிந்துவிடுகிறது. மோசேயின் சட்டங்களிலும் தீர்க்கதரிசிகளின் நூல்களிலும் அது மறுபடி தலைகாட்டாது. எட்டாம் சங்கீதம் அதே கருத்தைச் சுற்றி வந்தாலும் சாயல் என்று சொல்வதில்லை. கத்தோலிக்க வேதாகமத்தில் சீராக் 17:3, சாலமோனின் ஞானம் 2:23 ஆகிய இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த இடங்கள் எதிலும் சாயல் என்றால் என்ன என்று யாரும் விளக்குவதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் இரண்டாயிரம் ஆண்டு விளக்கங்கள் வந்து குவிந்தன. பெரும்பாலானோர் தங்கள் காலத்தில் எது உயர்ந்ததாக மதிக்கப்பட்டதோ அதை எடுத்துச் சாயலுக்குள் வைத்தார்கள். கிரேக்கத் தத்துவம் படித்தவர்களுக்கு அது பகுத்தறிவு. இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பியர்களுக்கு அது உறவு. எனவே விளக்கங்களுக்குப் போகுமுன் வசனம் சொல்வதை மட்டும் பார்த்துவிடுவது நல்லது.

முதல் அதிகாரத்தில் செடிகள், மீன்கள், பறவைகள், மிருகங்கள் எல்லாம் ‘தங்கள் தங்கள் ஜாதியின்படி’ உண்டாகின்றன. மனிதனுக்கு வரும்போது அந்தச் சொற்றொடர் நின்றுபோய், அதன் இடத்தில் கடவுளின் சாயல் வருகிறது. அடுத்த மூச்சிலேயே ஆளுகை வருகிறது: கடல் மீன்களையும் ஆகாயப் பறவைகளையும் மிருகங்களையும் ஆளட்டும். சாயலும் ஆளுகையும் ஒன்றல்ல. ஆனால் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டே வருகின்றன. ‘ஆணும் பெண்ணுமாக’ என்பது 27-ஆம் வசனத்தில் சேர்கிறது. ஐந்தாம் அதிகாரத்தில் ஆதாம் தன் சாயலாகத் தன் ரூபத்தின்படியே சேத்தைப் பெறுகிறான். அதாவது தகப்பனுக்கும் மகனுக்கும் உள்ள ஒப்புமையைச் சொல்லவும் அதே சொற்கள்தான். ஒன்பதாம் அதிகாரத்தில், வெள்ளம் வடிந்த பிறகு, கொலைக்கு எதிரான கட்டளைக்கு அது காரணமாக வருகிறது.

ஆதியாகமம் 1:26-இல் ‘சாயல்’, ‘ரூபம்’ என்று பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் வருவதற்கு எபிரேயத்தில் இரண்டு சொற்கள்: செலெம், தெமூத். செலெம் பக்திமணம் கமழும் சொல்லே அல்ல. எண்ணாகமம் 33:52-இல் இடித்துத் தள்ளவேண்டிய வார்ப்பித்த விக்கிரகங்களுக்கு அதே சொல். 1 சாமுவேல் 6-இல் பெலிஸ்தர் பொன்னால் செய்து அனுப்பும் மூலவியாதிக் கட்டிகளின் உருவங்களுக்கும் சுண்டெலிகளின் உருவங்களுக்கும் அதே சொல். தானியேல் 3-இல் நேபுகாத்நேச்சார் நிறுத்திய, 60 முழ உயரமும் 6 முழ அகலமும் கொண்ட பொற்சிலைக்கு அதன் அராமிய வடிவம். கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சிலை என்பதுதான் அந்தச் சொல்லின் இயல்பான பொருள்.

இதை மண்ணுக்குள்ளிருந்து உறுதிசெய்தது ஒரு கண்டெடுப்பு. 1979-இல் வடகிழக்கு சிரியாவில், துருக்கி எல்லைக்கு அருகே உள்ள டெல் ஃபெகேரியே என்ற மேட்டில், ஆளுயரச் சிலை ஒன்று கிடைத்தது. கிறிஸ்துவுக்கு முன் ஒன்பதாம் நூற்றாண்டில் கூசானா பகுதியை ஆண்ட ஹதத்-இஸ்யி என்பவனின் சிலை அது. பாவாடையில் அக்காதிய மொழியிலும் அராமிய மொழியிலும் கல்வெட்டு. அராமியப் பகுதி அந்தச் சிலையைக் குறிக்க ஒரு இடத்தில் செலெம் என்பதன் இணைச்சொல்லையும், இன்னொரு இடத்தில் தெமூத் என்பதன் இணைச்சொல்லையும் பயன்படுத்துகிறது. ஒரே கல், இரண்டு சொற்கள். சிலை நின்ற இடம் ஹதாத் என்ற தெய்வத்தின் சந்நிதி. அரசனின் உடல் அரண்மனையில் இருந்தாலும் அவனது சிலை தெய்வத்தின் முன் நின்று அவனுக்காக ஆயுளும் நலமும் கேட்டுக்கொண்டிருக்கும். இல்லாதவனை இருப்பவனாக்குவதே சிலையின் வேலை.

அக்காலத்து அரசர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கிறிஸ்துவுக்கு முன் 14-ஆம் நூற்றாண்டின் துத்தன்காமன் என்ற பெயருக்கே ‘ஆமோனின் உயிருள்ள உருவம்’ என்று பொருள். கி.மு. ஏழாம் நூற்றாண்டில் அசீரியப் பேரரசன் எசரத்தோனுக்கு அவனது அரசவை அறிஞர்கள் எழுதிய களிமண் கடிதங்களில், அரசன் கடவுளின் சாயல் என்ற புகழ்ச்சி வருகிறது. கவனிக்க வேண்டியது இதுதான்: எகிப்திலும் அசீரியாவிலும் இந்தப் பட்டம் பெரும்பாலும் போனது அரசனுக்கு, சில வேளை பூசாரிக்கு. உழவனுக்கோ செங்கல் சுமப்பவனுக்கோ அது எளிதில் எட்டாத உயரம். ஆதியாகமம் அதே அரசவைச் சொல்லை எடுத்து, முத்திரை குத்தாமல், குலம் கேட்காமல், ஆணையும் பெண்ணையும் சேர்த்து மனிதகுலம் முழுவதன்மேலும் வைக்கிறது. அந்த அதிகாரம் கி.மு. ஆறாம் நூற்றாண்டை ஒட்டி, பாபிலோன் சிறையிருப்புக் காலத்தில் அல்லது அதன் பின் இன்றைய வடிவம் பெற்றது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு; மோசேயின் காலம் என்பது மரபுவழி நம்பிக்கை. எந்தக் காலமானாலும் சரி, அரசர்கள் தங்களுக்கே வைத்துக்கொண்ட பட்டத்தைப் பொதுவாக்கிய துணிச்சல் குறையவில்லை.

பாபிலோனியர்கள் ஒரு சிலையை எப்படித் தெய்வமாக்கினார்கள் என்பதும் இங்கே உதவும். வாய் கழுவும் சடங்கு என்று அதற்குப் பெயர். நினிவேயிலும் பாபிலோனிலும் கிடைத்த களிமண் பலகைகள் அதைப் படிப்படியாகச் சொல்கின்றன. பட்டறையில் செய்து முடித்த சிலையை ஆற்றங்கரைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். நாணல் குடில்கள் போட்டு, இரவு முழுக்க மந்திரம் ஓதி, அதன் வாயைத் திரும்பத் திரும்பக் கழுவுவார்கள். பாபிலோனியப் பலகையின் கணக்குப்படி 14 முறை. சிலையைச் செய்த தச்சர், பொற்கொல்லர் ஆகியோரின் கைகளைத் துணியால் கட்டி, மரத்தாலான கத்தியால் வெட்டுவதுபோல் பாவனை செய்வார்கள். ‘இதை நான் செய்யவில்லை’ என்று அவர்கள் சத்தியம் செய்யவேண்டும். செய்தது கைவினைத் தெய்வங்கள். வாய் திறக்கப்படாத சிலை தூபத்தை முகராது, உணவு உண்ணாது, தண்ணீர் குடிக்காது என்று பலகை தெளிவாகச் சொல்கிறது. சிற்பியின் கை கடைசியாகச் சிலையின் கண்ணைத் திறக்கும் நம் ஊர் வழக்கம் நினைவுக்கு வரலாம். ஆனால் இங்கே சிற்பியின் கையையே மறுதலிக்கிறார்கள்.

இந்தப் பின்னணியில் ஆதியாகமம் 2-ஐப் படித்தால் தோட்டமும், மண்ணைப் பிசையும் கையும், நாசியில் ஊதப்படும் சுவாசமும் வேறு மாதிரி ஒலிக்கும். அந்த அதிகாரத்தில் சாயல் என்ற சொல் கிடையாது என்பதால் இந்த ஒப்பீட்டை எல்லா ஆய்வாளரும் ஏற்பதில்லை. அவர்களது தயக்கம் நியாயமானதே. ஆனால் ஒன்று உறுதி. இஸ்ரவேலின் ஆலயத்தில் கடவுளுக்குச் சிலை இருக்கக்கூடாது என்பது இரண்டாம் கட்டளை. சிலை இருக்கவேண்டிய இடம் காலியாக இருக்கிறது. அதே மக்களின் முதல் நூல், சிலைக்குரிய சொல்லால் மனிதனை அழைக்கிறது. இரண்டையும் தனித்தனியே விளக்குவதைவிடச் சேர்த்து விளக்குவது சுலபம்.

திருச்சபைத் தந்தையர் இந்தச் சிலைகளைப் பார்த்ததில்லை. அவர்கள் கையில் இருந்தது கிரேக்க மொழிபெயர்ப்பும் கிரேக்கத் தத்துவமும். இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் லியோன் நகர ஆயர் இரனேயு, இரண்டு சொற்களையும் இரண்டு பொருளாகப் பிரித்தார்: ஒன்று பாவத்துக்குப் பின்னும் நிலைத்திருப்பது, மற்றது இழந்துபோய் ஆவியானவரால் மீண்டும் கிடைப்பது. கிழக்குத் திருச்சபைகள் இன்றும் இதை விரும்பிப் பற்றிக்கொள்கின்றன. ஆன்மிகமாக அழகான பிரிவினைதான். ஆனால் எபிரேய வசனம் அதைத் தாங்காது. 1:27-இல் ஒரு சொல் மட்டும், 5:1-இல் மற்றது மட்டும், 5:3-இல் இரண்டும் இடம் மாறி வருகின்றன. டெல் ஃபெகேரியே கல்லும் அதையே சொல்கிறது. தமிழில் ‘சாயல் வேறு, ரூபம் வேறு’ என்று முக்கால் மணி நேரம் பிரசங்கிப்பவர்கள், கத்தோலிக்கர் படிக்கும் பொது மொழிபெயர்ப்பைத் திறந்து பார்க்கலாம்: அங்கே முதல் சொல் ‘உரு’, இரண்டாவது ‘சாயல்’.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் சாயலை மனத்துக்குள் தேடினார். நினைவு, அறிவு, விருப்பம் என்ற மூன்றும் ஒரே மனத்தில் இருப்பது திரித்துவத்தின் நிழல் என்றார். 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் அதை அடுக்கினார்: எல்லா மனிதரிடமும் இயல்பாக இருப்பது, அருளால் நேர்மையானவர்களிடம் இருப்பது, மகிமையில் முழுமையடைவது. யூதரில் மைமோனிடிஸ் தன் பெரிய தத்துவ நூலின் முதல் அதிகாரத்தையே இந்தச் சொல்லுக்கு ஒதுக்கி, சாயல் என்றால் அறிவே என்று முடித்தார்.

இந்த வழியில் உள்ள ஓட்டையை 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் கண்டுபிடித்தார். நினைவும் அறிவும் விருப்பமும்தான் சாயல் என்றால் சாத்தானும் தேவசாயலே. அவனுக்கு நம்மைவிடக் கூடுதலாகவே அந்த மூன்றும் உண்டு என்றார். லூத்தரின் சொந்த விடை வேறு சிக்கலைக் கொண்டுவந்தது. சாயல் என்பது ஆதாமின் தொடக்க நீதி, அது போய்விட்டது, இப்போது மிச்சம் மீதிதான் என்பது அவரது நிலை. அப்படியானால் வெள்ளத்துக்குப் பின், பாவம் முற்றிய பிறகு பேசும் 9:6, சாயலைக் காரணம் காட்டிக் கொலையைத் தடுப்பது ஏன்? யாக்கோபு 3:9, தேவனுடைய சாயலின்படி உண்டாக்கப்பட்ட மனுஷரைச் சபிக்கிறோமே என்று கடிந்துகொள்வது ஏன்? அங்கே ‘மனுஷர்’ என்பது விசுவாசிகளை மட்டும் குறிக்கவில்லை.

1945-இல் சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த் சாயலை உறவு என்றார்: ஆணும் பெண்ணுமாய், ஒருவர் எதிரே ஒருவராய் இருப்பதே அது. கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் 6:19-இல் பேழைக்குள் போகும் மிருகங்களும் ‘ஆணும் பெண்ணுமாக’த்தான் போகின்றன. பலுகிப் பெருகும் ஆசீர்வாதம் மீனுக்கும் பறவைக்கும் 1:22-இலேயே கிடைத்துவிட்டது.

மூன்று வசனப் பகுதிகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், தரப்பட்ட நிலை அல்லது பதவி என்ற விளக்கமே எல்லா இடத்திலும் இடறாமல் நடக்கிறது என்பது எங்கள் கணிப்பு. மனிதன் பூமியில் கடவுளுக்காக நிற்க வைக்கப்பட்டவன். அவனிடம் உள்ள திறமைகள் அந்த வேலைக்கான கருவிகள். ஆட்சியர் ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தாலும் அவர் ஆட்சியரே. அவரை அடித்தால் அடி அவருக்கு மட்டும் விழுந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளாது. 9:6-இன் தர்க்கம் அதுதான்.

திறமை விளக்கம் ஏட்டளவில் பிழையாக இருப்பதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. திறமை என்றால் அளவு வரும், அளவு என்றால் கூடக்குறைய இருக்கும், அப்புறம் யாராவது ஒருவர் கோட்டுக்கு வெளியே நிற்பார். முதலில் நின்றவள் பெண். ஆணே தேவனுடைய சாயலும் மகிமையும், பெண்ணோ ஆணின் மகிமை என்று பவுல் 1 கொரிந்தியர் 11:7-இல் எழுதியதை வைத்து, பெண் கணவனோடு சேர்ந்தால்தான் சாயல், துணை என்ற நிலையில் தனியாக நின்றால் அல்ல என்று அகுஸ்தீன் எழுதினார். அவளது மனமும் சாயல்தான் என்று அவரே ஒப்புக்கொண்டாலும், பின்வந்தவர்கள் எடுத்துக்கொண்டது முதல் பாதியை. 1:27-இல் அந்த நிபந்தனைக்கு இடமே இல்லை. அடுத்து நிறம். 1900-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் வெளியான ஒரு நூல், கறுப்பின மக்கள் ஆதாமின் வம்சமே இல்லை, ஆகவே சாயலும் இல்லை என்று வாதிட்டது. மறதிநோயில் மகளின் பெயரையே மறந்த முதியவரும், பேச்சு வராத குழந்தையும் இதே வரிசையில்தான் வந்து நிற்கிறார்கள். யாரும் அவர்களை வெளியே தள்ளச் சொல்லவில்லை. ஆனால் ‘பகுத்தறிவே சாயல்’ என்று ஞாயிறு வகுப்பில் சொல்லிக்கொடுத்த பிறகு, அவர்களை எந்த அடிப்படையில் உள்ளே வைப்பது என்று கேட்டால் பதில் தடுமாறும்.

எதிர்த்திசையில் இதைப் பயன்படுத்தியவர்களும் உண்டு. கி.பி. 380-ஐ ஒட்டி, இன்றைய துருக்கியின் நீசா நகர ஆயர் கிரகோரி, பிரசங்கி 2:7-க்கு விளக்கம் சொல்ல வந்தார். வேலைக்காரரையும் வேலைக்காரிகளையும் சம்பாதித்தேன் என்று சொல்லும் வசனம் அது. அந்தச் ‘சம்பாதித்தேன்’ என்ற சொல்லில் நின்றுகொண்டு விலை கேட்டார். கடவுளின் சாயலுக்கு எத்தனை ஓபோல் (கிரேக்கச் சில்லறைக் காசு) கொடுத்தாய்? ஒரு துண்டுக் காகிதமும் எழுதிய ஒப்பந்தமும் எண்ணிவைத்த காசும் உன்னைக் கடவுளின் உருவத்துக்கு எசமான் என்று நம்பவைத்துவிட்டனவா? அடிமைகளை அன்பாக நடத்துங்கள் என்று சொன்னவர்கள் அக்காலத்தில் பலர். அடிமைமுறையே தவறு என்று, அதுவும் சாயலைச் சாட்சிக்கு வைத்து இவ்வளவு வெளிப்படையாகப் பேசியவர் வேறு எவரையும் காட்டுவது கடினம். திருச்சபை அவரைப் புனிதர் என்று கொண்டாடியது. அந்தப் பிரசங்கத்தை மட்டும் ஓரமாக வைத்துவிட்டது. மார்ட்டின் லூதர் கிங் 1965 ஜூலை 4 அன்று அட்லாண்டாவில் பிரசங்கித்தபோது, கடவுளின் சாயலில் படிநிலைகள் இல்லை என்றார். திறமை விளக்கத்துக்கு இதைவிடச் சுருக்கமான மறுப்பு கிடையாது.

தமிழ்ச் சபைகளுக்கும் இந்தக் கணக்கு பாக்கி இருக்கிறது. 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், தமிழகத்தின் ஆங்கிலிக்கன் சபைகளில் சாதி வேறுபாட்டை உடனடியாகவும் முழுமையாகவும் விட்டுவிடச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பினார். தனித்தனி இருக்கை, நற்கருணையில் யார் முன்னே யார் பின்னே என்ற வரிசை, தனித்தனி அடக்க இடம் என்பவைதான் சிக்கல். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சாதியை விடுவதற்குப் பதில் சபையை விட்டார்கள். ஆதியாகமம் 1:27-ஐ மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவர்கள்தான். கல்லறைத் தோட்டத்தின் நடுவே இன்றும் சுவர் நிற்கும் ஊர்களில் அந்த வசனம் பொன்மொழியாகத் தொங்குகிறது.

உடலின் இடம் பற்றி ஒரு வார்த்தை. கடவுளுக்கு உடல் இல்லை, ஆகவே சாயல் ஆன்மாவில் மட்டும் என்று சட்டென்று முடித்துவிடுவது வழக்கம். 399-இல் அலெக்சாந்திரியா ஆயரின் கடிதம் கடவுளுக்கு மனித உருவம் இல்லை என்று அறிவித்தபோது, எகிப்தியப் பாலைவனத்தில் செராப்பியோன் என்ற முதிய துறவி, என் கடவுளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களே என்று அழுததாக, அக்காலத் துறவி எழுத்தாளர் காசியன் பதிவு செய்திருக்கிறார். பாமரத்தனம் என்று சிரிக்கலாம். ஆனால் சேத்துக்கு ஆதாமின் சாயல் ஆன்மாவில் மட்டும் வந்ததா? யூத ரபிகள் இதில் நிதானமானவர்கள். ஹில்லேல் குளியலறைக்குப் போகும்போது, எங்கே போகிறீர்கள் என்று சீடர்கள் கேட்டார்கள். ஒரு கட்டளையை நிறைவேற்றப் போகிறேன் என்றார். அரங்கங்களில் நிற்கும் அரசர் சிலைகளைத் தேய்த்துக் கழுவ ஆள் நியமித்துச் சம்பளம் கொடுக்கிறார்கள்; கடவுளின் சாயலில் உண்டான நான் என்னைக் கழுவவேண்டாமா என்பது அவர் கணக்கு. சிலை என்ற பொருளை அவர் மறக்கவில்லை.

புதிய ஏற்பாடு பேச்சைத் திருப்புகிறது. கிறிஸ்துவே அதரிசனமான, அதாவது கண்ணுக்குத் தெரியாத, தேவனுடைய தற்சுரூபம் என்கிறது கொலோசெயர் 1:15. விசுவாசிகள் அந்தச் சாயலுக்கு ஒப்பாக வளரவேண்டியவர்கள் என்கிறது ரோமர் 8:29. ஆகவே இரண்டு விதமாகப் பேசவேண்டியிருக்கிறது: எல்லோருக்கும் ஏற்கெனவே தரப்பட்டது ஒன்று, இனி வளர்ந்து சேரவேண்டியது ஒன்று. இரண்டாவதை முதலாவதின் மேல் போட்டு மூடும்போதுதான், விசுவாசிக்கு மட்டுமே சாயல் என்ற விபரீதம் பிறக்கிறது.

ஆளுகை பற்றிய குற்றச்சாட்டையும் தொட்டுவிடலாம். 1967-இல் வரலாற்றாளர் லின் ஒயிட் ‘சயின்ஸ்’ இதழில், இயற்கையை மனிதன் சுரண்டுவதற்கு மேலைக் கிறிஸ்தவமே வித்திட்டது என்று எழுதினார். நடந்த வரலாற்றைப் பற்றி அவர் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் வசனத்தில் ஆளும் அதிகாரம் கிடைத்த மறு நொடியே, 1:29-இல், உணவாகத் தரப்படுவது விதையுள்ள பூண்டும் கனிமரமும் மட்டும். மாம்சம் உண்ண அனுமதி 9:3-இல்தான் வருகிறது. அதுவும் இரத்தத்தோடு கூடாது என்ற நிபந்தனையுடன்.

அந்த அனுமதிக்கு மூன்று வசனம் தள்ளி நிற்கும் 9:6-தான் இன்றுவரை தீராத வழக்கு. மனிதனின் இரத்தத்தைச் சிந்துகிறவனின் இரத்தம் மனிதனாலே சிந்தப்படும், மனிதன் தேவசாயலில் உண்டாக்கப்பட்டதால். அந்தக் காரணம் எதை விளக்குகிறது? கொல்லப்பட்டவன் தேவசாயல் என்பதால் குற்றம் அத்தனை கொடியது என்று படிக்கலாம். தண்டிப்பவன் தேவசாயல் என்பதால் அவனுக்கு அந்த அதிகாரம் உண்டு என்றும் படிக்கலாம். மரண தண்டனையை ஆதரிக்கும் சீர்திருத்தச் சபையார் இந்த வசனத்தில்தான் நிற்கிறார்கள். கொன்றவனும் தேவசாயல்தானே என்று எதிர்ப்பவர்களும் இதிலேயே நிற்கிறார்கள். கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2267-ஆம் பத்தியை 2018-இல் திருத்தியபோது, மரண தண்டனை மனித மாண்பின் மீதான தாக்குதல் என்பதால் ஏற்கத்தக்கதல்ல என்று எழுதினார்கள்.

பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இந்தச் சண்டை ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. மரண தண்டனைக்குரிய வழக்கில் சாட்சி சொல்ல வருபவரை நீதிபதிகள் எச்சரிக்கவேண்டும் என்று அது முறை வகுக்கிறது. மனிதன் ஒரே முத்திரையால் பல காசு அடித்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். கடவுளோ எல்லோரையும் ஆதாமின் முத்திரையால் அடித்தும் ஒருவர்போல் இன்னொருவர் இல்லை. ஓர் உயிரை அழித்தவன் ஓர் உலகத்தையே அழித்தவன் என்று சாட்சியின் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். ஏழு ஆண்டுக்கு ஒருவரைக் கொல்லும் நீதிமன்றம் கொலைகார நீதிமன்றம் என்கிறது இன்னொரு பகுதி. எழுபது ஆண்டுக்கு ஒருவர் என்றாலும் அப்படித்தான் என்கிறார் எலெயாசர் பென் அசரியா. சாயலில் படைக்கப்பட்ட மனிதன் பிரியமானவன் என்று சொன்ன அதே ரபி அக்கிவாவும், உடன் தர்ஃபோனும், நாங்கள் அந்த நீதிமன்றத்தில் இருந்திருந்தால் ஒருவரும் ஒருநாளும் கொல்லப்பட்டிருக்கமாட்டார் என்றார்கள். அதற்கு ரப்பான் சிமியோன் பென் கமாலியேல் சொன்ன பதிலையும் நீக்கிவிடாமல் அடுத்த வரியிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்: அப்படியிருந்தால் அவர்கள் இஸ்ரவேலில் கொலைகாரர்களைப் பெருக்கியிருப்பார்கள்.